ஊதாப்பூத் தண்ணீர் வாசனை அல்ல

1

இந்தக் கதை எனக்குக் கல்லாவில் உட்கார்ந்தபடியே கிடைத்தது. தேடிப் போகவில்லை. அமெரிக்காவின் ஹயலீயா நகரில் எங்கள் கியூபா சனம் பிள்ளை பெற்றால் என்னென்ன வாங்குமோ அத்தனையும் என் கடையில் உண்டு: ஞானஸ்நான உடுப்பு, வெள்ளை ஷூ, கண் படாமலிருக்கக் கறுமணி, தலையில் தடவ ஊதாப்பூத் தண்ணீர். அங்கே உடுப்பு மடித்து அடுக்குகிறவள் மரிசெல். ஒரு மதியம் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நீங்கதான் கதையெல்லாம் எழுதுறீங்களே முதலாளி, ஒண்ணு சொல்லுங்க. நல்லதுன்னு நெனச்சே ஒருத்தி பெத்த பிள்ளையக் கெடுத்துட முடியுமா?"

"யாரு?"

"யாரோ."

'யாரோ' என்று சொல்பவர்களிடம் பேரம் பேசக் கூடாது, காத்திருக்க வேண்டும். சந்தையில் துணி விற்ற அப்பாவிடம் நான் படித்தது அது ஒன்றுதான். காத்திருந்தேன். சொன்னாள்.

அவள் மகன் லியாந்த்ரோவுக்கு ஏழு வயது. இரண்டு மார்பும் லேசாக மேடிட்டிருந்தன, தொட்டால் வலி. பிறந்தநாள் விருந்துகளில் மற்ற பிள்ளைகள் நீச்சல் குளத்தில் குதிக்க, இவன் சட்டையோடு ஓரத்தில் நிற்கிறான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "குளத்தின் ஓரத்தில் நின்ற லியாந்த்ரோவின் கண்களில் ஒரு—"

விட்டுவிட்டேன். கண்களைக் காட்டி விற்பது மட்டமான சரக்கைத்தான்.

இரண்டாவது: "அறிவியல் இன்னும் தீர்ப்புச் சொல்லாத ஒரு விஷயத்தில் நாம்—"

இதுவும் ஆகாது. உள்ளே நுழையுமுன் ரசீதை நீட்டும் கடைக்குள் யார் வருவார்கள்?

மூன்றாவது, டாக்டர் அறையிலிருந்து. இதை வைத்துக்கொள்கிறேன்.

டாக்டர் குயிஸ்பே பெரு நாட்டுக்காரி. எங்கள் மொழிதான், ஆனால் எங்கள் தீவு அல்ல. வீட்டில் யாராவது ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, களிம்பு பூசுகிறீர்களா என்று கேட்டாள். இல்லை. பையனுக்கு சென்ட்?

"ஏழு வயசுப் பையனுக்கா? எங்களப் பாத்தா அப்பிடியா தெரியுது?"

லாவெண்டர்?

"அது கெழவிங்க துணி அலமாரியில வைக்கிறதுல்ல, டாக்டரம்மா."

எல்லாமே உண்மையான பதில்கள். அடுத்தது ரத்தப் பரிசோதனை, பிறகு ஸ்கேன், உள்ளே எங்காவது கட்டி இருக்கிறதா என்று பார்க்க. கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் மரிசெல் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். குனிந்து பையன் நெஞ்சில் குழாயை வைத்த டாக்டர் அப்படியே நின்றாள்.

"தலையில என்ன வாசனை இது?"

"வாசனையா? அது வாசனை இல்ல டாக்டரம்மா. சுத்தம்."

(இந்த இடத்தில் என் வாசகர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பாதி, எங்கள் ஆட்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பார்கள். பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் குளித்ததும் ஊதாப்பூத் தண்ணீர் ஒரு கை, பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு கை, கோயிலுக்கு இரண்டு கை. அதை நாங்கள் சென்ட் என்று சொல்வதே இல்லை. அது இல்லாத பிள்ளை குளிக்காத பிள்ளை.)

மறுமுறை மரிசெல் பாட்டிலைக் கொண்டுபோனாள். பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளில் லாவெண்டர் எண்ணெய் இருந்தது.

"மேல ஊதாப்பூன்னு எழுதிட்டு உள்ள லாவெண்டர ஊத்தியிருக்கானுங்க" என்றாளாம் மரிசெல். இனி இதைப் பூச வேண்டாம் என்று டாக்டர் சீட்டில் எழுதினாளாம்.

அடிக்குறிப்பு, கீழே போட இடமில்லாததால் இங்கேயே: லாவெண்டர், தேயிலை மர எண்ணெய் போன்றவை, ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்த்த செல்கள்மேல் பெண் ஹார்மோனைப்போல் லேசாக வேலை செய்வதையும் ஆண் ஹார்மோனைத் தடுப்பதையும் சிலர் பார்த்திருக்கிறார்கள். இவற்றைப் பூசிவந்த சில பிள்ளைகளுக்கு மார்பு வீங்கி, நிறுத்தியதும் வடிந்திருக்கிறது. வேறு சிலர் பிள்ளைகளைக் கூட்டமாகப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். ஆக மொத்தம், 'இருக்கலாம்'. எங்கள் கடைத்தெருவில் 'இருக்கலாம்' என்று சொல்லி ஒரு குண்டூசிகூட விற்க முடியாது. கதை மட்டும் எப்படி விற்கும்?

3

அப்பன்காரன் ஓஸ்மானியை எப்படி எழுதுவது என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில் அவனைக் கத்தவிட்டேன். "ஆம்பளப் பிள்ளைய இப்படி ஆக்கிட்டியேடி" என்று கதவை அறைந்து சாத்தினான். மரிசெல் அந்தத் தாளைப் படித்துவிட்டு, விலை கூடிய துணியைப்போல மடித்துத் திருப்பித் தந்தாள்.

"எம் புருஷன் கத்துனான்னு யாரு சொன்னா?"

"கதைக்கு ஒரு வேகம் வேணாமா?"

"வேகம் வேணும்னா நீங்க கத்துங்க."

அவன் செய்தது வேறு. மச்சான் வீட்டு விருந்தில் தானும் சட்டையோடு குளத்தில் இறங்கினான். கரையில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா?

"என்னடா ஓஸ்மானி, துணியோட குளிச்சா துவைக்கிற வேல மிச்சமா?"

"ஆமாடா. நீயும் எறங்கு, உன் சட்டைக்குத்தான் ரொம்ப அவசரம்."

அப்பாவின் முதுகில் தொற்றிக்கொண்டு லியாந்த்ரோ அன்று முதல்முறையாகத் தண்ணீருக்குள் போனான். கத்தும் ஓஸ்மானியை எழுதியது எளிதாக இருந்தது. இவனை எழுத எனக்கு—

(இந்த வாக்கியம் முடியாது. போகட்டும்.)

4

பாட்டில் வீட்டைவிட்டுப் போனது. ஆனால் எங்கள் ஊரில் பிள்ளையைப் பார்த்தால் எல்லாரும் உச்சந்தலையில் முத்தம் வைப்பார்கள், முகர்ந்தும் பார்ப்பார்கள். தெருவோரம் காபி விற்கும் ஜன்னலில் ஒருத்தி கேட்டாள்.

"பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா, கண்ணு? ஒரு வாசமும் இல்லையே."

மரிசெல்லுக்கு அது நடுத்தெருவில் 'அழுக்கி' என்று கூப்பிட்டதுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காபியைக் குடித்தாள்.

முடிவெட்டும் நீலோ இன்னும் மோசம். முடி வெட்டி முடித்ததும் உள்ளங்கை நிறைய ஊதாப்பூத் தண்ணீர் அவனுடைய கொசுறு. அவள் கடைசி நாற்காலியிலிருந்து எழுந்து வருவதற்குள் ஒரு கை தேய்த்துவிட்டு, அடுத்ததை ஊற்றப் போனான்.

"நீலோ, அது வேணாம்."

"காசு கேக்கலியேம்மா."

"காசு வேணா வாங்கிக்க. இத மட்டும் ஊத்தாத."

"வாசமே இல்லாம மொட்டையா அனுப்பச் சொல்றியா? நாளைக்கு என் கடையப் பத்தி என்ன பேசுவாங்க?"

அங்கேயே தொட்டியில் பையன் தலையைப் பிடித்துக் கழுவினாள். நீலோ அதற்குப் பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

5

கோடை விடுமுறைக்குள் வீக்கம் வடியத் தொடங்கியது. ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை.

முடிவுகளைப் பலகைமேல் விரிக்கிறேன், தொட்டுப் பாருங்கள்.

ஒன்று: குற்றவாளி பிடிபட்டான், பாட்டில் குப்பைக்கு, பையன் குளத்துக்கு. உறுதியான துணி, சாயம் போகாது. ஆனால் பொய்யாக இருக்கலாம்.

இரண்டு: தானாக வந்தது, தானாகப் போனது, தாய்மேல் குற்றமில்லை. மெத்தென்று இருக்கும். இதுவும் பொய்யாக இருக்கலாம்.

இரண்டையும் மரிசெல்லிடம் காட்டினேன். இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, கடைசியாக டாக்டரிடம் போனபோது நடந்ததைச் சொன்னாள்.

"நல்லாக் கொறஞ்சிருக்கு" என்றாள் டாக்டர்.

"அப்போ அந்தத் தண்ணிதானா?"

"இருக்கலாம். தானாவும் கொறஞ்சிருக்கலாம்."

"நிச்சயமாத் தெரியணும் டாக்டரம்மா. இத நான்தான் செஞ்சேனான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

டாக்டர் குழாயைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு, "ஒரே வழிதான் இருக்கு. நான் செய்யச் சொல்ல மாட்டேன். மறுபடி பூசிட்டு, திரும்ப வீங்குதான்னு பாக்கணும்."

மரிசெல் கொக்கியில் தொங்கிய சட்டையை எடுத்தாள். மகனுக்குப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினாள். "வேணாம். தெரியாமலே இருந்துட்டுப் போறேன்" என்றாளாம்.

என்னிடம் மட்டும் கேட்டாள்: "கதையிலயாவது சொல்லுங்க முதலாளி. நானா, இல்லையா?"

என்னால் முடியும். பேனா என்னுடையது, சரக்கு என்னுடையது. ஆனால் 'அவள்தான்' என்றோ 'அவள் இல்லை' என்றோ நிச்சயமாக எழுத வேண்டுமென்றால், தாளிலாவது லியாந்த்ரோவை உட்காரவைத்து நான் மறுபடி ஊற்றியாக வேண்டும். ஊற்றிவிட்டு, அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு அடுத்த பத்தியில் காத்திருக்க வேண்டும்.

நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், வெறுங்கையோடு அனுப்புவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. பாட்டில் மூன்றாவது தட்டில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள், பேரம் வேண்டாம். பையனை மட்டும் தர மாட்டேன். ஊற்றிப் பார்க்க ஒரு பையனை உங்கள் வீட்டிலிருந்தே கூட்டிக்கொண்டு வாருங்கள்.