ஓட்டையில் இருந்த பெயர்

கனகசுந்தரம் எங்கே இருக்கிறான் என்பது பெரிய போர் இரகசியம். சம்பூரில் ஆடுமாடுகளுக்குக்கூட அது தெரியும். கடற்கரையில் போய் நின்றால் குடாவுக்கு அந்தப் பக்கம் திருகோணமலை. அங்கேதான் பீரங்கிக்குக் காவல் நிற்கிறான். ஆனால் பெண்சாதி புஸ்பராணிக்கு அவன் எழுதும் கடிதங்களின் தலையில் "இலங்கையில் எங்கோ ஓரிடம்" என்றுதான் இருக்கும். அந்த எங்கோ ஓரிடத்தில் இருந்து கடிதம் கொழும்புக்குப் போய், தணிக்கைக் கந்தோரில் வெட்டுப்பட்டு, இந்தக் கரைக்கு வர மூன்று கிழமை பிடிக்கும். வள்ளத்தில் கொடுத்துவிட்டால் அரை நாள். அப்படிச் செய்தால் யப்பான்காரன் வென்றுவிடுவானாம்.

யப்பான்காரனைப் பற்றி அவன் ஒருநாளும் எழுதியதில்லை. எழுதியதெல்லாம் இரவெல்லாம் கடிக்கும் நுளம்பைப் பற்றி. பிறகு சாப்பாட்டைப் பற்றி. "தகரத்தில அடைச்ச மாட்டிறைச்சி தருகினம். நான் அதை என்னோட காவல் நிக்கிற கிறிஸ்தோபரிட்டைக் குடுத்து விஸ்கோத்து வாங்கிறன். விஸ்கோத்தை உடைக்கத்தான் எங்களுக்குச் சுத்தியல் தந்திருக்கிறாங்கள் எண்டு நினைக்கிறன்." இன்னொரு கடிதம் முழுக்க வேர்க்குரு. சக்கரவர்த்தியின் வெற்றிக்காக முதுகு சொறியும் மனிதனை நினைத்துப் புஸ்பராணி சிரித்தாள். பிறகு நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள்.

அந்தக் கடிதத்தின் அடியில்தான் அவன் நெருப்பை வைத்திருந்தான். "பிள்ளைக்குப் பேர் நான் நினைச்சு வைச்சிருக்கிறன். அதைத்தான் வைக்கவேணும். என்ன பேரெண்டால்..." தாள் முடிந்துவிட்டது. மிச்சம் அடுத்த கடிதத்தில்.

பிள்ளை காத்திருக்கவில்லை, பிறந்துவிட்டது. பெண். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைக்கவேண்டும். கடிதம் வரவில்லை. கனகசுந்தரத்தின் தமக்கை இராசமலருக்கு அது நல்ல வசதி.

"தகப்பன் இல்லாத இடத்தில மாமிதானே பேர் வைக்கிறது. இராசமலர் எண்டே வைப்பம். ராசியான பேர்."

"ஏன் மச்சாள், நீங்கள் இன்னும் அந்தப் பேரைப் பாவிச்சு முடியேல்லையே?"

முப்பதாம் நாள் கடிதம் வந்தது. புஸ்பராணி அவசரமாகப் பிரித்தாள். தாளில் இரண்டு சதுர ஓட்டைகள். ஒன்றினூடாக மச்சாளின் மூக்குத்தி தெரிந்தது.

"அண்டைக்குக் குண்டு போட்டாங்கள். நான் (ஓட்டை) பார்த்து நேர்த்தி வைச்சனான். பொம்பிளைப் பிள்ளையெண்டால் (ஓட்டை) எண்டு பேர் வை. வைக்காட்டில் என்னால வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பார்க்க ஏலாது."

மறுபக்கத்தை இராசமலர் எட்டிப் பார்த்தாள். கத்தரிக்கோலுக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாதல்லவா? அங்கே "என்ர இடது கால் (ஓட்டை) போச்சு" என்று இருந்தது.

"ஐயோ, என்ர தம்பி! கால் போச்சே!"

புஸ்பராணி தாளைத் திருப்பினாள். அடுத்த வரியைப் படித்தாள். "கத்தாதையுங்கோ மச்சாள். வேற சோடி தந்திருக்கினமாம், அதுவும் பெரிசாம். ஒற்றைக்காலனுக்கு ஏன் சோடி? கிழிஞ்சது காலில போடுற சப்பாத்து."

காலுக்கு வழி பிறந்தது. பெயருக்கு?

பின்னேரம் ஸஹாப்தீன் காக்கா வந்தார். மூதூரில் இருந்து கனகசுந்தரத்தின் முகாமுக்குத் தயிர் கொண்டுபோகிறவர். ஆனால் வாசலில் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். பட்டாளத்தானோடு கதைத்தால் பாஸைப் பறித்துவிடுவார்கள்.

"கேட்டுச் சொல்ல ஏலாது புள்ள," என்றார், ஓட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தபடி. "இவனுகள் எதை வெட்டுவானுகள்?"

"ஊர்ப்பேர், கப்பல்பேர், துவக்குக் கணக்கு. வேறை ஒண்டும் வெட்டுறேல்ல, காக்கா. போன கடிதத்தில அவர் தங்கட பட்டாளத்துப் பெரியவனை ஆனைத்தலையன் எண்டு எழுதினவர், அது கூட அப்பிடியே வந்தது."

"அப்ப புள்ளைக்கு ஊர்ப்பேரையா வெச்சிருக்கான்? இல்லாட்டிக் கப்பலா?"

புஸ்பராணி சிரிக்கவில்லை. எதையோ பார்த்து நேர்த்தி வைத்திருக்கிறான். கப்பலைப் பார்த்து எவன் நேர்த்தி வைப்பான்? அவன் நிற்கிற இடத்தில் இருந்து பார்த்தால் தெரிவது மலை, மலையில் கோணேசர். அந்தப் பெயரை எழுதினால் ஊரையே எழுதினது போலத்தான். சாமி பேரும் வெட்டுப்பட்டு, பிள்ளை பேரும் வெட்டுப்பட்டதென்றால், இரண்டிலும் இருந்தது ஒரே பேர்தானே...

பழைய கடிதத்தின் பின்புறத்தில் அவனுடைய குண்டெழுத்தைப் போலவே எழுதிப் பார்த்தாள். கோணேஸ்வரி. ஓட்டையின் மேல் வைத்தாள். அச்சொட்டாகப் பொருந்தியது. கொழும்பில் ஒரு துரை வெட்டிப் புதைத்த இரகசியத்தை வெட்டின அளவே சொல்லிவிட்டது. அவர் பேசாமல் மை பூசியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும்.

அடுத்த நாள் பிள்ளையின் காதில் அந்தப் பெயரை மூன்று முறை சொன்னார்கள். இராசமலர் மட்டும் விடவில்லை. "இராணுவ இரகசியத்தைக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குப் பேரா வைக்கிறதே? பிடிச்சுக்கொண்டு போகப்போறாங்கள்."

"பிடிக்கட்டும் மச்சாள். இரகசியம் இரவிரவாக் கத்துது, ஒரு கிழமை வைச்சுப் பார்க்கட்டும்."

அன்றைக்கே அவள் பதில் எழுதினாள்.

"பொம்பிளைப் பிள்ளை. சுகமா இருக்கிறாள். நீங்கள் சொன்ன பேரைத்தான் வைச்சது. இதில எழுதினால் திரும்பவும் ஓட்டைதான் வந்து சேரும், அதால எழுதேல்ல. நீங்கள் பயப்பிடாமல் வந்து முகத்தைப் பாருங்கோ. வந்து வாயால கூப்பிடுங்கோ. சரியான பேரெண்டால் திரும்பிப் பார்ப்பாள்."