தூக்கிய கால்

அந்த ஷாட்டை வெட்டிவிடலாம் என்றார் டைரக்டர். திங்கட்கிழமை காலை, திரையிடும் அறையில், எல்லோர் முன்னாலும்.

நாங்கள் செய்துகொண்டிருப்பது குழந்தைகளுக்கான கார்ட்டூன் படம். காட்டில் தீ பிடிக்கிறது. முயல் அளவே இருக்கும் ஒரு சருகுமான் தன் சின்னக் கூட்டத்தை ஆற்றுக்கு அந்தப்பக்கம் கூட்டிப்போகிறது. கூட்டம் என்றால் ஒரு அணில், ஒரு பெருச்சாளி, ஒரு தவளை, ஒரு ஆமை. சருகுமான்தான் தலைவர். சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதவர். ஆற்றின் குறுக்கே விழுந்து கிடக்கும் மரத்தில் ஏறும் முன் முன்னங்காலைத் தூக்கி, குளம்பின் நுனியால் மூன்று முறை தட்டிப் பார்ப்பார். அதுதான் அந்த ஷாட். அவரை அசைய வைப்பது என் வேலை. நான் அனிமேட்டர்.

"யாருமே சிரிக்கலையேப்பா," என்றார் டைரக்டர். "பின்னாடி தீ வருது. இவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி தட்டிக்கிட்டு நிக்கிறார். குழந்தைங்க தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போயிடும். ஒரே தாவா தாவட்டும்."

"தாவ மாட்டார்," என்றேன்.

"யாரு?"

"தலைவர்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அலுவலகத்தில் 'தலைவர்' என் பட்டப்பெயரும்தான். வைத்தவள் என் மனைவி. இந்தப் படத்தின் கதையைக் காட்சி காட்சியாக வரைந்து கொடுத்தவள். சருகுமானுக்கு என் நெற்றியையும் என் நடையையும் கொடுத்தவளும் அவள்தான். ஈரத் தரையைக் கண்டால் கால் கட்டைவிரலால் மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பேன். "ஆழம் தெரியாம காலை விடாதேம்பாங்க. எங்க வீட்டுக்காரர் குளியலறைக்கே ஆழம் பார்ப்பார்," என்று இதே அறையில் எழுந்து நடித்துக் காட்டினாள். டைரக்டர் அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படித்தான் அது படத்துக்குள் வந்தது.

பிறகு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. கதை மாற மாற, அவள் வரைந்த மற்ற காட்சிகளும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மிச்சம் இது ஒன்றுதான்.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ செஞ்சு காட்டினப்ப சிரிச்சோம். இல்லைங்கலை. படத்துல வரலையே, நான் என்ன செய்யட்டும்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் கொடுங்க."

"வெள்ளிக்கிழமையும் சிரிப்பு வரலைன்னா தாவிடுவார். சரியா?"

"சரி."

தட்டுவதை வேகமாக்கிப் பார்த்தேன். மரங்கொத்தி மாதிரி இருந்தது. மெதுவாக்கினேன். கண்ணைப் பெரிதாக்கினேன். காதைத் துடிக்க வைத்தேன். வெட்கத்தை விட்டு ஒரு வியர்வைத் துளியும் சேர்த்தேன். அனிமேட்டர் மேசையில் ஒரு கண்ணாடி இருக்கும். பாத்திரத்தின் முகபாவத்தை முதலில் நம் முகத்தில் செய்து பார்க்க வேண்டும். பார்த்தேன். என் முகம் எதையும் செய்யவில்லை. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காலில் வேலை செய்தேன்.

புதன்கிழமை எடிட்டர் அக்கா தேநீர்க் கோப்பையோடு வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். படத்தைத் துண்டு துண்டாகச் சேர்ப்பவர் அவர். வெட்டச் சொன்னால் வெட்ட வேண்டியவரும் அவர்தான்.

"ஏன்டா, இவருக்குப் பல்வலியா?"

"பயம்."

"ஊசி போட வந்தவன் மாதிரி நிக்கிறாரே."

"சிரிப்பு வருதா அக்கா?"

"பொய் சொல்லவா, நிஜம் சொல்லவா?"

"நிஜம்."

"பாவமா இருக்கு. பார்த்தா பாவமா இருந்துச்சுன்னா சிரிப்பு எங்கடா வரும்?" ஒரு வாய் குடித்தார். "அவளுக்காகத்தான் பிடிவாதமா?"

"ஷாட் நல்ல ஷாட். நான்தான் எங்கேயோ தப்பா செய்யறேன்."

"எங்கே?"

"தெரியலை."

அந்த மாதங்களில் எனக்குத் தெரியாதவை நிறைய இருந்தன. சாப்பிட்டேனா என்று தெரியாது. துக்கமாக இருக்கிறேனா என்றும் தெரியாது. தலைவர் தாவக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை மகளைப் பள்ளியில் விடக் கிளம்பினேன். மாடிப்படியைக் கழுவிவிட்டிருந்தார்கள். மேலிருந்து கீழ் வரை ஈரம். முதல் படியில் செருப்பு நுனியை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. வழுக்கவில்லை. இறங்கினேன். அடுத்த படிக்கு மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. கீழே காய்கறிப் பையோடு ஏறி வந்த கீழ்வீட்டம்மா எங்களுக்காக ஒதுங்கி நின்றார். என்னைப் பார்த்தார். என் பின்னால் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த சிரிப்பில் பையிலிருந்த தக்காளி ஒன்று உருண்டு போனது.

திரும்பினேன். மகள் இரண்டு படி மேலே ஒற்றைக் காலில் நின்றாள். மற்றக் கால் அந்தரத்தில். முதுகுப்பை ஒரு பக்கம் இழுக்க, நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"நீ முடி முதல்ல. பேசினா அவுட்."

"என்ன அவுட்?"

"அப்பா தட்டி முடிக்கறதுக்குள்ள காலைக் கீழ வெச்சா அவுட். நானும் அம்மாவும் விளையாடுவோமே."

"எனக்குத் தெரியாதே."

"உனக்குத் தெரிஞ்சா நீ தட்டறதை நிறுத்திடுவேன்னு அம்மா சொன்னா."

"யாரு ஜெயிப்பீங்க?"

"நான்தான். அம்மா எப்பவும் சுவத்தைப் பிடிச்சுப்பா. அது கள்ளாட்டம்."

கீழ்வீட்டம்மா தக்காளியைத் தேடி எடுத்தார். "தினமும் பார்க்கறதுதான் தம்பி. நீங்கதான் திரும்பிப் பார்த்ததில்லை," என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

பள்ளி வாசலில் மகளை விட்டபோதே நினைவு வந்துவிட்டது. அன்று திரையிடும் அறையில் என் மனைவி தட்டிக் காட்டினாள். அதோடு முடிக்கவில்லை. ஓடிப்போய்ப் பின்னால் நின்று, ஒரு காலைத் தூக்கி, தள்ளாடி, பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்தாள். எல்லோரும் சிரித்தது அதற்கு. நானோ அவள் தட்டிக் காட்டியதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அது என்னைப் பற்றியதாயிற்றே.

அன்று முழுவதும் தலைவருக்குப் புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. வியர்வைத் துளியை அழித்தேன். பழைய தட்டலையே திரும்ப வைத்தேன். கேமராவைப் பின்னுக்கு இழுத்து, பின்னால் நிற்பவர்களுக்கு இடம் கொடுத்தேன்.

தலைவர் காலைத் தூக்கினால் நால்வரும் தூக்க வேண்டும். தூக்கியவர்களை அப்படியே அசையாமல் நிறுத்திவிடக் கூடாது. கார்ட்டூனில் முழுக்க நின்றுவிட்ட பாத்திரம் செத்துப்போனதாகத் தெரியும். சும்மா நிற்பவருக்கும் மூச்சு கொடுக்க வேண்டும். அணிலுக்கு வாலில் கொடுத்தேன். பெருச்சாளிக்குத் தொந்தியில். முதல் தட்டுக்குப் பெருச்சாளியின் முட்டி நடுங்கும். இரண்டாவதுக்கு நைசாக அணில் மேல் சாயும். மூன்றாவதுக்குத் தவளை, மானம் போகாமல், உட்கார்ந்த மாதிரி விழும். ஆமைக்கு எல்லாமே தாமதம். மற்றவர்கள் மரத்தில் ஏறிப் பாதி தூரம் போன பிறகுதான் அது காலைத் தூக்கி முடிக்கும். அப்புறம் நிதானமாகத் தட்டும். வாலில் புகை வரும்.

செய்யும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் இடம் இதுதான் என்று தெரிந்தது. அது போதும்.

வெள்ளிக்கிழமை போட்டார்கள். டைரக்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பெருச்சாளி சாய்ந்தபோது எடிட்டர் அக்கா அடக்கப் பார்த்து, மூக்கு வழியாகச் சிரித்துவிட்டார். தவளை விழுந்தது. பின்வரிசையில் யாரோ தொடையில் அடித்துக்கொண்டார்கள். ஆமை காலைத் தூக்க ஆரம்பித்ததும் டைரக்டர், "ஐயோ, வேண்டாம்டா," என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

முடிந்தது.

"இன்னொரு தடவை போடு."

போட்டார்கள். இந்தத் தடவை முதலிலேயே சிரிக்க ஆரம்பித்தார்.

"முன்னைக்கு இப்ப நீளமாயிருக்கேப்பா."

"ஆமா."

"தீ அதுவரைக்கும் காத்திருக்குமா?"

"ஆமை காலை இறக்கற வரைக்கும் காத்திருக்கும்."

"காத்திருக்கட்டும்," என்றார். எடிட்டர் அக்கா பக்கம் திரும்பினார். "இதுல கை வைக்காதே." எல்லோரும் எழுந்து போன பிறகு என்னிடம் கேட்டார்: "அவ இதைத்தானே செஞ்சு காட்டினா?"

"ஆமா."

"மறந்தே போச்சு பாரு எனக்கு."

"எனக்கும்," என்றேன்.

மறுநாள் காலையும் படி ஈரமாக இருந்தது. மகளுக்குப் பென்சில் வாங்கக் கடைக்குப் போக வேண்டும். கதவைப் பூட்டிவிட்டு, "இன்னைக்கு நீ முன்னாடி போ," என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முதல் படியைத் தட்டினாள். நான் காலைத் தூக்கிக்கொண்டேன். மூன்று முறை தட்டியும் அவள் நிறுத்தவில்லை.

"மூணுதானே?"

"தலைவர் நான். எனக்கு அஞ்சு. பேசாதே."

முட்டி நடுங்கத் தொடங்கியது. என்னையறியாமல் கை சுவருக்குப் போனது. சுவர் குளிர்ந்திருந்தது. இப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு என் மனைவி என் பின்னால் தினமும் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறாள்.

"அப்பா, கள்ளாட்டம்," என்றாள் மகள், திரும்பாமலே.

கையை எடுத்தேன். காலை இறக்கவில்லை.