பாதிப் பால்

குழந்தை நிலானியின் இதயத்தில் கடுகளவு ஓட்டை இருந்தது. சின்னதுதான், தானாக மூடிக்கொள்ளும், மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்வாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முத்துச்செல்வியின் மனத்தில் தங்கியது ஓட்டை என்ற சொல் மட்டும்தான்.

இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை. கணவன் இசக்கிதுரை காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அவளும் ஐந்து மாதப் பிள்ளையும்தான். ஜன்னல் துணி வழியே வெயில் மஞ்சளாகக் கசியும். நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் அலைபோல ஏறி இறங்கும். பால் கொடுத்தபடியே அவளுக்குக் கண் சொருகும். மகள் குடித்த பால் வெண்புகையாகி, அந்த ஓட்டை வழியே இழை இழையாக வெளியேறி அறையெங்கும் மிதக்கும். திடுக்கிட்டு விழிப்பாள். பிள்ளை களைத்துவிடுமோ என்று பாதியிலேயே பிடுங்கித் தோளில் போட்டுக்கொள்வாள்.

ஒரு மாதமாக எடை ஏறவில்லை. மாதாமாதம் எடை பார்க்கும் நர்ஸ் ஜூலி மறுபடி ஸ்கேன் எடுக்க அனுப்பினாள். முடிவு வந்ததும் அறைக்கே வந்தாள்.

"ஓட்டை முன்னைக்கு இப்ப சின்னதாத்தான் கீது. அப்புறம் ஏன் வெயிட் ஏறல? எம்மா நேரம் பால் குடுக்குற?"

"அஞ்சு நிமிசம்க்கா. அதுக்கு மேல குடிச்சா நெஞ்சு தாங்காதுல்லா. நானே எடுத்துருவேன்."

"அழுவாளா?"

"அழுவா. பொறவு உறங்கிருவா."

ஜூலி தரையில் உட்கார்ந்தாள். "அவ நெஞ்சு நல்லாத்தான் கீதும்மா. பசிதான் தீரல. அவளா விடுற வரிக்கும் குடு. நான் இங்கியே குந்திகினு கீறேன்."

முத்துச்செல்வி கொடுத்தாள். ஐந்து நிமிடம் கடந்தது. கை தானாகப் பிள்ளையை விலக்கப் போனது. ஜூலி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து. பதினைந்து. நிலானி தானாகவே வாயை விட்டு, உதட்டோரம் பால் வழியக் கண்ணை மூடினாள்.

மாலையில் இசக்கிதுரை வந்ததும், "நாந்தான் பிள்ளைய பட்டினி போட்டிருக்கேன்" என்று அழுதாள்.

"பயத்துல செஞ்சதுதான. விடுட்டி" என்றான் அவன்.

அடுத்த மாதம் நிலானியின் எடை அறுநூறு கிராம் கூடியிருந்தது. அன்று மதியம் மடியிலேயே தூங்கிப்போன மகளின் பாரத்தில் முத்துச்செல்வியின் கை மரத்துப்போனது. அவள் கையை எடுக்கவில்லை.