குழாய் எட்டும் தூரம்

சமையலறை வாசலில், இடமிருந்து மூன்றாவது டைல்ஸ் கல்லைக் குதிகாலால் தட்டினார் என் கணவர். டொக் என்றது. "இத ஒருநாள் பேத்துப் போடணும், புலவரே." நாளிதழை உரக்கப் படிப்பேன் என்பதால் நான் அவருக்குப் புலவர். இந்த வீட்டுத் தரை முழுக்க அவர் பதித்ததுதான். ஊரார் வீட்டிலெல்லாம் கண்ணாடிபோலத் தரை போட்டுக் கொடுத்தவருக்குச் சொந்த வீட்டில் ஒரே ஒரு கல்லின் அடியில் கலவை பிடிக்காமல் காற்று புகுந்துகொண்டது. பதினாறு வருடமாக அதே வசனம். "மூக்குல குழாயோடயா பேக்கப் போறீங்க? போய் உக்காருங்க" என்றேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆக்சிஜன் மெஷினின் குழாய் அந்தக் கல் வரைக்கும்தான் எட்டும்.

முப்பது வருடம் கல் அறுத்தவர். வேலை முடிந்து வரும்போது கல் தூசியில் புருவமெல்லாம் வெளுத்துக் கிழவராக வருவார். குளித்தால் மறுபடி இளைஞர். மூக்கை மூடித் துணி கட்டச் சொன்னால் மூச்சு முட்டுது என்பார். சிகரெட்டுக்கு மட்டும் முட்டாது. கடைசியில் கோப்பின்மேல் 'நாள்பட்ட சுவாசச் செயலிழப்பு' என்று எழுதிய அன்று, டாக்டர் அவர் முதுகில் விரலை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டார். இவருக்கு ஒரே சந்தோஷம். "நானும் இப்படித்தான் டாக்டர் தட்டிப் பாப்பேன். உள்ள காலியா இருந்தா சத்தமே காட்டிக் குடுத்துடும்." டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க நெஞ்சுலயும் காத்து மாட்டிக்கிட்டிருக்குங்க. உள்ள போறது முழுசா வெளிய வர மாட்டேங்குது. கெட்ட காத்து தங்கித் தங்கி, உடம்பு அதுக்கே பழகிடுச்சு." பிறகு என்னிடம் திரும்பினார். "மெஷின் ரெண்டுலயே இருக்கட்டும்மா. விரல்ல மாட்டுற கிளிப்புல எண்பத்தெட்டுலேர்ந்து தொண்ணூத்திரெண்டு வந்தாப் போதும். கொறஞ்சா எனக்குப் போன் பண்ணுங்க. நீங்களா கூட்டிடாதீங்க, கெட்ட காத்து உள்ளயே சேந்துடும்." எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எண்கள் மனதில் நின்றன. காரணம் நிற்கவில்லை.

கதவு நிலையைப் பிடித்து இளைத்து நின்ற அன்று காலை, அவரைக் கட்டிலில் உட்காரவைத்து கிளிப்பை மாட்டினேன். எண்பத்து மூன்று. உதட்டில் நீலம். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் நெளிந்தது. டாக்டருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அப்புறம் மெஷினின் திருகைத் திருப்பினேன். கண்ணாடிக்குள் இருக்கும் சின்னக் குண்டு மூன்று, நான்கு என்று ஏறி ஐந்தில் நின்றது. பசித்தவருக்கு இன்னொரு கரண்டி போடுவதில் என்ன தப்பு என்றுதான் தோன்றியது.

தொண்ணூற்றேழு வந்தது. கன்னத்தில் நிறம் திரும்பியது. மகளுக்குப் போன் போட்டேன். "தொண்ணூத்தேழுடி! நீ கணக்குல வாங்கினதவிட ஜாஸ்தி."

"அப்பாகிட்ட குடும்மா."

"தூங்குறாருடி. எத்தன நாளாச்சு, இப்படி அசந்து தூங்கி."

மூன்று வாரமாக உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தவர். தெருச் சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்தினேன். பாத்திரம் இடிபடாமல் கழுவினேன். இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் நான் நுனிக்காலில் நடந்தேன்.

சாப்பிட எழுப்பப் போனேன். கை சூடாக, வியர்த்து இருந்தது. "என்னங்க." இமை பாதி திறந்தது, உள்ளே என்னைப் பார்ப்பவர் யாருமில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை ஆடியது. கிளிப்பைப் பார்த்தேன். எண் அப்படியே தொண்ணூற்றேழு. இன்றுவரை அதைவிடப் பயங்கரமான எதையும் நான் பார்த்ததில்லை.

ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் என் கை திருகை இரண்டுக்கு இறக்கிவிட்டது.

"வீட்ல எவ்வளவுல வெச்சிருந்தீங்க?" ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"ரெண்டுல."

முகத்தோடு இறுக்கிக் கட்டிய மாஸ்க் வழியாக ஒரு மெஷின் அவர் நெஞ்சை ஊதி ஊதி உள்ளே தேங்கியதை வெளியேற்றப் பார்த்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். டாக்டர் நடந்து மறையும்வரை பொறுத்தேன். பிறகு செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். "டாக்டர்... அஞ்சு. அஞ்சுல வெச்சேன்."

"தெரியும்மா. ரத்தம் சோதிச்சப்பவே தெரிஞ்சிடுச்சு." குரலில் கோபமில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "நெஞ்சுல சளியும் முத்தியிருந்துச்சு. அதனாலதான் காலைல எண் இறங்கினது."

"எதனால டாக்டர் இப்படி ஆச்சு? அதனாலயா, என்னாலயா?"

கோப்பை ஒருமுறை புரட்டி மூடினார். "போய் அவர் பக்கத்துல உக்காருங்க."

மூன்றாம் நாள் கண் விழித்தார். மாஸ்குக்குள் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. கட்டில் கம்பியை நகத்தால் தட்டி, காதைச் சாய்த்து, என்னைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார். 'நான்தான் திருப்பினேன்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. மெஷின் சத்தத்தில் அவருக்கும் கேட்டிருக்காது. நான் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

வாடகை மெஷினை வந்து எடுத்துப் போனார்கள். குழாயைச் சுருட்டிக் கொடுத்தது நான்தான். காரியத்துக்கு வந்த அவருடைய கூட்டாளிக் கொத்தனார் சமையலறை வாசலில் கால் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "இந்தக் கல்லு உள்ள காலியா இருக்கே அண்ணி. அரை மணி நேர வேலை, மாத்திடட்டுமா?" அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

இன்று காலை அடுப்படிக்குப் போகும்போது அந்தக் கல்லின்மேல் நின்று குதிகாலால் தட்டினேன். டொக் என்றது.