ஆள்காட்டிக் குருவியின் புள்ளிகள்

ஆள்காட்டிக் குருவியின் படத்திலிருந்து புள்ளிகள் உதிரும் என்பது தெரிந்ததுதான். அதனால் கணினிக்குக் கீழே முறத்தை வைத்துவிட்டே வேலையைத் தொடங்கினேன்.

சதுப்பு நிலத்தில் அன்று மேகமூட்டம். வெளிச்சம் போதாமல் கேமராவில் ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓவைக் கண்டபடி ஏற்றியிருந்தேன். படத்தில் குருவியைவிடப் புள்ளிதான் அதிகம். எனக்கு எரிச்சல். மென்பொருளில் புள்ளி நீக்கும் பட்டையைக் கடைசிவரை இழுத்தேன். சரசரவென்று கொட்டி முறம் நிறைந்தது. குருவி சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று ஆனது. அழகாகத்தான் இருந்தது.

காலையில் அது வாசலில் வந்து நின்றது. அதே வழவழப்பு. ஓர் இறகுகூடத் தனியாகத் தெரியவில்லை.

"வீட்டுக்காரர் என்னைக் கிட்டவே விடமாட்டேங்கிறார்" என்றது. "யாரு நீன்னு கத்துறார்."

"நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். என் பொண்டாட்டிக்கு இறகு இருக்கும்கிறார். என்னை விரட்டுறதே வேலையாத் திரியறார். முட்டை நாலும் வெட்டவெளியில கெடக்கு. வெயில் ஏறுது சார்."

பறவைப் படம் எடுக்கும் நண்பர் ஜெபசிங்குக்குப் போன் செய்தேன்.

"கேமராவுல இருந்து வந்த அசல் ரா ஃபைல் இருக்கா?"

"அதையும் அழிச்சுட்டேன்."

"பின்னணிய மட்டும் துடைக்கிற சாப்ட்வேர் சொன்னேனேய்யா. அது பறவையைத் தொடாதுல்ல."

"இலவசமா கெடைச்சதைப் போட்டேன்."

"சரி, உதிர்ந்ததை அள்ளி அது மேலயே தூவு" என்று வைத்துவிட்டார்.

முறம் அடுப்படியில் சுவரோரம் சாத்தியிருந்தது. காலியாக.

"வசுமதி, இதுல இருந்தது எங்கே?" என்று மனைவியைக் கேட்டேன்.

"ரவைதானே? உப்புமா கிண்டிட்டேன். கொஞ்சம் கருப்பா இருந்துச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நெனச்சேன்."

குருவி அடுப்பைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. அவமானமாக இருந்தது.

வேறு புள்ளிக்கு எங்கே போவது? என் அடையாள அட்டை நினைவுக்கு வந்தது. அதிலுள்ள என் படத்தில் புள்ளிகளைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஸ்கேன் செய்து மென்பொருளில் போட்டேன். பட்டையைப் பாதியில் நிறுத்தினேன்.

"போதாது" என்றது குருவி.

கடைசிவரை இழுத்தேன். ஒரு கைப்பிடி தேறியது. அதன் முதுகில் தூவினேன். இறகு இறகாக வந்தது. கன்னத்தில் ஒரு மச்சமும் வந்தது. அது என்னுடையது.

"பரவாயில்ல, இருக்கட்டும்" என்றது குருவி.

சதுப்பு நிலம்வரை கூடவே நடந்தேன். ஆண் குருவி ஒருமுறை கத்தியது. மச்சத்தை உற்றுப் பார்த்தது. பிறகு ஒதுங்கி வழிவிட்டது. பெண் குருவி போய் முட்டைகள்மேல் உட்கார்ந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

வீட்டுக்கு வந்து மணியை அழுத்தினேன். வசுமதி கதவைத் திறந்தாள்.

"யாருங்க வேணும்?"

"நான்தான்."

அவள் என் கன்னத்தில் எதையோ தேடினாள். கிடைக்கவில்லை.

"அவரைப் பாக்க வந்தீங்களா? வெளியில போயிருக்கார். உப்புமாகூடச் சாப்பிடல. ஆறிடும்னு மூடி வெச்சிருக்கேன்."

குரலில் அத்தனை கவலை. என்னை நினைத்து அவள் இப்படிக் கவலைப்படுவாள் என்று எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது. யாரிடம் சொல்வது என்றுதான் புரியவில்லை.

"உக்காருங்க. வந்துடுவார்" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் கதவருகே நின்றாள். இருவரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரமாகியும் அவர் வரவில்லை.