காறை எலும்புக்குப் பின்னால்

அக்கா தன் நெஞ்சு எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டபோது மதியம் இரண்டு மணி. இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுப்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் அவள் என் அறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"மூணு மாசமா இருமல். வேற இடத்துல படம் எடுத்தேன், எல்லாம் நார்மல்னு எழுதிக் குடுத்துட்டாங்க. உன் அத்தான்தான் நீயும் ஒரு தடவை பார்க்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். இந்தா, படி."

ரிப்போர்ட்டை நீட்டினாள். நான் அதை வாங்காமல் படத்தை மட்டும் உறையிலிருந்து உருவினேன்.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. சின்ன வயதில் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். ஒரே வரியை நாலு தடவை வாசித்தால் நாலு விதமாக வாசிப்பேன். வேண்டுமென்றே நடிக்கிறேன் என்று நினைத்தாள். "எழுத்தே வராதவளுக்குத் தலையெழுத்து மட்டும் எங்கேருந்து நல்லா வரும்?" என்று சித்தப்பா முன்னால் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். எழுத்து இப்படிக் குழம்புவதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் இருப்பது எனக்குத் தெரிந்தபோது வயது இருபத்தொன்பது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "சோம்பேறித்தனத்துக்கு இப்ப இங்கிலீஷ்ல பேர் வெச்சுட்டாங்களா?" என்றாள்.

எழுத்து என்னை ஏமாற்றும் என்பதால் நான் எந்த டாக்டர் சீட்டையும் நம்புவதில்லை. வலது கை என்று எழுதியிருந்தாலும், "எந்தக் கை வலிக்குது, தூக்குங்க" என்று கேட்காமல் படம் எடுத்ததில்லை. சீட்டு தப்பு, கைதான் சரி என்று இரண்டு தடவை ஆகியிருக்கிறது. எங்கள் ரேடியாலஜி டாக்டர் ரிப்போர்ட் எழுதுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "உங்க கண்ணுக்கு என்ன தெரியுது?" என்பார். தெரிந்த முகத்தில் ஒரு புருவத்தை மழித்துவிட்டால் எப்படிச் சட்டென்று உறுத்துமோ, அப்படிப் படத்தில் எது மாறியிருந்தாலும் எனக்கு உறுத்தும். அது வரம் என்பார் டாக்டர். வரம் கொடுத்த சாமி கூடவே கொஞ்சம் வாசிக்கவும் கொடுத்திருக்கலாம்.

படத்தை விளக்குப் பலகையில் செருகினேன். இடது பக்கம், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஓடும் காறை எலும்புக்குப் பின்னால், ஒரு வேர்க்கடலை அளவு, வெள்ளை கூடுதலாக இருந்தது. இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தேன். அப்போதும் இருந்தது. மனசுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. யாரோ ஒருத்தியின் படம்போல் இருந்தது.

"இந்த எலும்புக்குப் பின்னாடி என்னமோ இருக்கு. சிடி ஸ்கேன் எடுக்கணும்."

அக்கா படத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்தாள். "டாக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். நீ இதைப் படிக்கக்கூட இல்லையே."

"படிச்சா அவர் பாத்ததைத்தான் நானும் பார்ப்பேன்."

"அவர் பெரிய படிப்புப் படிச்சவர்டி. நீ..."

"மரமண்டை. சொல்லு, பரவாயில்ல. ஆனா ஸ்கேன் எடு."

"உங்க டாக்டரை வேணா கேட்டுக்கலாம்."

"அவர் நாளைக்குத்தான் வருவார்."

"அப்ப நாளைக்கு வரேன். படத்தைக் குடு."

வர மாட்டாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள் அவள். இப்போது விட்டால் அடுத்த படம் எடுப்பதற்குள் ஒரு வருடம் போய்விடும்.

"குடுக்க மாட்டேன்," என்றேன்.

அவளிடம் அந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. இரண்டு பேருமே கொஞ்சம் திகைத்துப்போனோம். அக்கா இருமினாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, நின்று நிதானமாக இருமி முடித்தாள்.

"சரி, எடுத்துத் தொலைக்கிறேன். ஒண்ணும் இல்லைன்னு வரட்டும், அப்புறம் இருக்கு உனக்கு."

"என்ன வேணா பண்ணு."

வாயால் வீம்பு பேசினேனே தவிர, அவள்தான் ஜெயிக்க வேண்டும் என்று அன்றைக்கே வேண்டிக்கொண்டேன். வாழ்க்கை முழுக்கத் தப்பாகவே வாசித்த நான், இன்னும் ஒரே ஒரு தடவை தப்பாக வாசித்திருந்தால் என்ன?

ஸ்கேன் எடுத்தார்கள். சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்தப் பதினோரு நாளும் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், முட்டியையும் முதுகையும் படம் எடுத்தேன். அத்தான் போனில் அழுதபோது, வெளியே பெஞ்சில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். என்ன பிறவியோ நான்.

பன்னிரண்டாம் நாள் அக்காவே கூப்பிட்டாள்.

"கேன்சர்தான். சின்னதா இருக்கறப்பவே தெரிஞ்சதால ஆபரேஷன் பண்ணிடலாமாம். வியாழக்கிழமை." ஒரு தடவை இருமினாள். "நீ சொன்னது சரிடி."

ஏழு வயதில் இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு வந்துவிட்டது. தப்பு என்றே சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

"லைன்ல இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன். வியாழக்கிழமை நான் வரேன்."