சிவப்பு மை இல்லாத தாள்கள்

மாதனூர் சர்வீஸ் சாலையில் நாய் ஒன்று குறுக்கே ஓடியதில் அன்பரசன் வண்டியோடு சாய்ந்தார். தலைக்கவசம் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு முழங்கை வரைக்கும் ஏறியது. ஒன்றரை மாதம் அந்தக் கையால் பேனா பிடிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அன்பரசன் ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கலைக் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியர். இரண்டாம் ஆண்டுக்கு ஆங்கில வணிகக் கடிதம் எழுதும் பாடம் எடுத்தார். விபத்துக்கு முந்தின நாள்தான் மூன்று பிரிவு மாணவர்களிடமிருந்தும் அசைன்மென்ட் வாங்கி வைத்திருந்தார். எல்லோருக்கும் ஒரே கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், வந்து சேர்ந்த தோலின் நிறம் சாம்பிளோடு ஒத்துப்போகவில்லை என்று புகார் எழுதியிருக்கிறார், அவருக்குப் பதில் எழுதுக. நூற்றைம்பது கடிதங்களுக்கு மேல் இருந்தன.

பத்து வருடமாக அவர் திருத்திய விதம் ஒன்றுதான். தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போவார். ஒவ்வொரு பிழையையும் சிவப்பு மையால் வட்டமிடுவார். ஓரத்தில் காரணம் எழுதுவார். கடைசியில் அரைப்பக்கக் குறிப்பு, அதற்குக் கீழே மதிப்பெண். முடிக்க மூன்று வாரம் ஆகும். திருப்பிக் கொடுத்தால் மாணவர்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொள்வார்கள். ஒருமுறை வகுப்பில் ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கடியில் அவர் குறிப்பு எழுதிய தாள் ஒன்று நான்காக மடிந்து கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை. எடுத்தால் மேசை மறுபடியும் ஆடும்.

கட்டோடு கல்லூரிக்கு வந்த அன்று துறைத் தலைவர் சுகரா பேகம் கேட்டார். "இன்டர்னல் மார்க்கை மாசக் கடைசிக்குள்ள ஆன்லைன்ல ஏத்தணும் சார். வேற யாருக்காச்சும் பிரிச்சுக் குடுத்துடலாமா?"

"எல்லார்கிட்டயும் அவங்கவங்க பேப்பர் கட்டு இருக்கு மேடம். நானே பாத்துடறேன்."

இடது கையால் எழுதிப் பார்த்தார். நாலு தாளுக்குள் கையும் பொறுமையும் போய்விட்டன. மறுநாள் வகுப்பில் ஒரு மாணவியைக் கரும்பலகையில் மூன்று வரி எழுதச் சொன்னார். நடந்த தவறை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறதா? என்ன செய்யப்போகிறோம், எப்போது என்று இருக்கிறதா? படித்த பிறகு வாடிக்கையாளர் அடுத்த ஆர்டரை நமக்கே கொடுப்பாரா? ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண். மொழிக்கு ஒன்று. ஆக மொத்தம் பத்து.

"ஃப்ரீ ஹவர்ல ஒவ்வொருத்தரா ஸ்டாஃப் ரூம் வராண்டாவுக்கு வாங்க. உங்க கடிதத்தை நீங்களே படிங்க. நான்தான் வாடிக்கையாளர். படிச்சதும் ஒரு கேள்வி கேப்பேன். தமிழ்லயே பதில் சொல்லலாம். மார்க்கை அங்கயே சொல்லிடுவேன்."

பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும் சகீனா முதல் நாளே வந்தாள். முதல் பருவத்திலிருந்து பத்துக்கு மூன்றையும் நான்கையும் தவிர வேறெதையும் அவள் வாங்கியதில்லை. அவள் கடிதம் ஆறே வரி. முதல் வரியிலேயே இரண்டு பிழை. ஆனால் தவறு எங்களுடையது என்று அந்த முதல் வரியே ஒப்புக்கொண்டது.

அன்பரசன் கேட்டார். "சரக்கை நான் திருப்பி அனுப்பறேன்னு சொல்ட்டேன். இப்ப இன்னா பண்ணுவே?"

"அனுப்பாதீங்கன்னு சொல்வேன் சார். கப்பல்ல போய் வர மாசக்கணக்குல ஆவும். இந்தக் கலர்லயே வேற மாடல் செருப்பு ஏதாச்சும் செய்ய முடியுமான்னு கேப்பேன். முடியாதுன்னா விலை கம்மி பண்ணித் தர்றேன், புது லாட்டை ஃப்ளைட்ல அனுப்பறேன்னு சொல்வேன்."

"இதை ஏன் கடிதத்துல எழுதல?"

"இங்கிலீஷ்ல வர்ல சார்."

"வர்ற அளவுக்கு எழுது. இங்கயே, கீழ."

அவள் சுவரில் தாளை வைத்து இரண்டு வரி சேர்த்தாள். அவர் பார்த்துவிட்டு, "எட்டு. போட்டுக்கோ" என்றார்.

"இருபத்தஞ்சுக்கா சார்?"

"பத்துக்கு."

அவள் எண்ணை எழுதினாள். பிறகு அதன் மேலேயே இன்னொரு தரம் அழுத்தி எழுதிக்கொண்டு போனாள்.

வேலை எதிர்பார்த்ததைவிட வேகமாக நடந்தது. மூன்று வாரம் இழுக்கும் வேலை ஒரே வாரத்தில் முடிந்துவிடும் போலிருந்தது. பையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. சொன்ன குறையை மாணவர்கள் அங்கேயே நின்று திருத்தினார்கள். தன் முறையில் இப்படி ஒரு லாபம் இருக்கும் என்று அன்பரசன் நினைத்திருக்கவில்லை. அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சூர்யா வந்தது வியாழக்கிழமை. குடியாத்தத்தில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். வகுப்பில் முதல் மாணவன். அவன் கடிதத்தில் பிழையே கிடையாது. பின்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் படிக்கத் தொடங்கியதும் ஒருவன், "சத்தமாப் படிடா, வாடிக்கையாளருக்குக் கேக்கல" என்றான். சூர்யாவின் குரல் இன்னும் இறங்கியது. அன்பரசன் கேள்வி கேட்டார். அவன் தாளையே பார்த்தான். மறுபடியும் கேட்டார். கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பப் படித்தான்.

ஃபோனில் ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கிய கடிதம் என்று அன்பரசன் முடிவு செய்தார். அப்படி ஏற்கனவே நாலைந்து வந்திருந்தன. "அஞ்சு" என்றார். சூர்யா எழுதிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவன் போய்ப் பார்த்தது தேர்வுப் பொறுப்பாளர் கிருஷ்ணராஜை. அவர் கணக்குப் பதிவியல் எடுப்பவர். கறாரானவர், ஆனால் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். மதியம் அன்பரசனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுகரா பேகமும் அங்கே இருந்தார்.

"சார், தாள்ல உங்க எழுத்து ஒண்ணுகூட இல்ல. மார்க்கைப் பசங்களே போட்டிருக்காங்க. நாளைக்கு யுனிவர்சிட்டியில இருந்து வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

"நான் சொன்னதைத்தான் சார் எழுதினாங்க."

"அது உங்களுக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியும். தாளுக்குத் தெரியாதே."

சுகரா பேகம் ஒரு வழி சொன்னார். தாள் கட்டிலிருந்து சூர்யாவினுடையதையும் சேர்த்துப் பத்துத் தாள்களை எடுத்து, பெயரையும் மதிப்பெண்ணையும் மறைத்து நகல் எடுப்பது. அவரும் கிருஷ்ணராஜும் தனித்தனியாகத் திருத்துவது. அப்புறம் மூன்று பேருடையதையும் ஒத்துப் பார்ப்பது.

சகீனாவின் தாளுக்குக் கிருஷ்ணராஜ் மூன்று போட்டிருந்தார். சுகரா பேகம் ஏழு.

"எட்டு வரியில ஆறு தப்பு மேடம். இதுக்கு எப்படி ஏழு போட்டீங்க?"

"நீங்க தப்பை எண்ணிட்டீங்க. நான் கேட்டதுக்குப் பதில் இருக்குதான்னு பாத்தேன்."

"அப்ப யாரு சரி?" என்றார் கிருஷ்ணராஜ்.

மற்ற தாள்களிலும் இப்படித்தான் இருந்தது. இவர் நாலு போட்டதற்கு அவர் எட்டு போட்டிருந்தார். கிருஷ்ணராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அந்த மூணு கேள்வியைக் குடுங்க சார்" என்று வாங்கி, பத்தையும் முதலிலிருந்து திருத்தினார். சுகரா பேகமும் அதை வைத்துத் திருத்தினார். இந்தத் தடவை சகீனாவுக்கு ஆறும் ஏழும் வந்தன. மற்றவற்றிலும் வித்தியாசம் ஒன்றைத் தாண்டவில்லை. அன்பரசனின் மதிப்பெண்களும் அதை ஒட்டியே இருந்தன.

ஒரு தாளைத் தவிர. சூர்யாவினுடையதற்கு அவர்கள் இருவரும் எட்டு போட்டிருந்தார்கள்.

"இதுக்கு இன்னா சொல்றீங்க?" என்றார் கிருஷ்ணராஜ்.

"அது அவன் எழுதினதில்ல சார். கேட்டேன், ஒரு வார்த்தை வர்ல."

"கூப்பிட்டுக் கேட்டுடலாம்."

சூர்யா வந்தான். சுகரா பேகம் எழுந்து கதவைச் சாத்தினார். "உக்காருப்பா. தண்ணி குடிக்கிறியா?" என்றார். அவன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். கிருஷ்ணராஜ் அதே கேள்வியைக் கேட்டார்: சரக்கு திரும்பி வருகிறது, என்ன செய்வாய்?

சூர்யா மெதுவாகப் பேசினான். "எங்க வீட்ல லுங்கி லாட் இதே மாதிரி திரும்பி வந்திருக்கு சார். ஒரே சாயம்தான், ஆனா வேற வேற நாள் போட்டா கலர் மாறும். முதல்ல எவ்ளோ மாறியிருக்குதுன்னு அவங்ககிட்ட ஒரு சாம்பிள் துண்டு கேப்பேன். கொஞ்சம்தான்னா விலையில பேசலாம். ஜாஸ்தின்னா திருப்பி வாங்கிக்கணும், வேற வழியில்ல. அடுத்த லாட்ல முதல் பீஸை அனுப்பி, அவங்க ஓகே சொன்னப்புறம்தான் மீதி போடுவோம்னு சொல்வேன்."

"கடிதம் யாரு எழுதினது?"

"நான்தான் சார். ஸ்பெல்லிங் மட்டும் ஃபோன்ல பாத்தேன்."

அன்பரசன் கேட்டார். "இதை அன்னிக்கே ஏன் சொல்லல?"

"பின்னாடி எல்லாரும் நின்னுட்டிருந்தாங்க சார்."

அன்பரசன் அவன் பக்கம் திரும்பினார். "தப்பு என்னுது" என்று மட்டும் சொன்னார். சூர்யா எழுந்து நின்றான். அவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அவன் மதிப்பெண்ணை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடலாம் என்று கிருஷ்ணராஜ் சொன்னார். நாள் குறைவாக இருந்தது. அன்பரசன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறுக்குக் கீழே வாங்கிய எல்லோரையும் காலி வகுப்பறை ஒன்றில் தனித்தனியாக மறுபடியும் கூப்பிட்டார். வாயால் சொல்லலாம், அல்லது எழுதித் தரலாம் என்றார். சிலருக்கு இரண்டு மூன்று கூடியது. பலருக்கு மாறவில்லை. தாளிலும் பதில் இல்லாமல், வாயாலும் சொல்ல முடியாமல் நின்ற சிலர், கடிதம் ஃபோனில் எழுதியது என்று தாங்களாகவே ஒப்புக்கொண்டார்கள். அவர்களை உட்கார வைத்துப் புதிதாக எழுதச் சொன்னார். ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை இரண்டு வாரத்தைத் தாண்டியது.

எல்லாத் தாளிலும் கையெழுத்து வேண்டும் என்பதில் கிருஷ்ணராஜ் விட்டுக்கொடுக்கவில்லை. அன்பரசன் இடது கையால் ஒவ்வொன்றிலும் ஒரு கோணல் 'அ' போட்டார். மதிப்பெண்கள் கடைசி நாள் மாலை இணையத்தில் ஏறின.

கட்டுப் பிரித்தபோது மணிக்கட்டு விறைத்திருந்தது. எழுத முடிந்தது. அடுத்த பருவத்தில் அவர் பழைய முறைக்கும் முழுதாகத் திரும்பவில்லை, வராண்டாவுக்கும் போகவில்லை. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிட்டார். தாளில் ஒரே ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொருவராக அறைக்கு வந்து, அதற்கான திருத்தத்தை வாயால் சொன்னாலோ எழுதித் தந்தாலோதான் எண்ணைச் சொன்னார். கிருஷ்ணராஜ் அந்தப் பட்டியலை மட்டும் தன் பாடத்துக்கு எடுத்துக்கொண்டார். மாணவர்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்வது நேர விரயம் என்பதே இன்னமும் அவர் எண்ணம்.

சகீனா அந்தப் பருவத்தில் ஏழு வாங்கினாள். எட்டு ஏன் இல்லை என்று அறைக்கே வந்து கேட்டாள். அன்பரசன் காட்டினார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகும் வரைக்கும் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சூர்யாவின் முறை வந்தபோது அறையில் வேறு யாருமில்லை.

"சொல்றியா, எழுதறியா?"

"எழுதறேன் சார்."

அன்பரசன் ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்த தாளைப் படிக்க ஆரம்பித்தார்.